மூன்றாவது கவர்

டெண்டர் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் தன்னுடைய கல்யாணக் கடிதம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், ஓர்வில் டீட்மன் வாயிலிருந்த காபியைக் கோப்பையிலேயே திரும்பத் துப்பினார்.

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. பத்து மணிக்கு அந்தப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கவராகக் கிழித்து, உள்ளே எழுதியிருப்பதை ஊர் முன்னால் உரக்கப் படித்தாக வேண்டும். வெல்டன் கவுண்டி என்ற அந்தச் சின்ன மாவட்டத்தின் மண் சாலைகளுக்கு அடுத்த வருஷம் யாரிடம் சரளைக் கல் வாங்குவது என்பது அப்படித்தான் முடிவாகும்.

அது பழைய ஓட்டுப் பெட்டி. உள்ளே ஒரு தில்லுமுல்லும் நடக்கவில்லை என்பதை ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று எந்தக் காலத்திலோ முன்பக்கம் கண்ணாடி வைத்திருந்தார்கள். உள்ளே மூன்று கவர்கள். இரண்டு சுத்தமாக இருந்தன. மூன்றாவதன் மூலையில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை, டிராக்டர் மசகில் பதிந்தது. அந்தக் கட்டைவிரல் இப்போது காபிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓர்வில் கவுண்டி வாரியத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர், துணைத் தலைவரும்கூட. அறுபத்திரண்டு வயது. மனைவி போய் ஏழு வருஷமாகிறது. இன்னொரு உறுப்பினர் ரோசாலி வாவ்ரா, முப்பது வருஷம் தபால் அலுவலகத்தை நடத்தி ஓய்வு பெற்றவர், அவரும் கணவரை இழந்தவர். மூன்று வருஷமாக இருவரும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். இந்த மூன்று வருஷத்தில் ஓர்வில் அவரிடம் நேராகச் சொன்ன ஒரே வார்த்தை, "ஆமோதிக்கிறேன்."

காரணம் சட்டம். மூன்று பேர் கொண்ட வாரியத்தில் இரண்டு பேர் சேர்ந்தாலே பெரும்பான்மை. பெரும்பான்மை கவுண்டி விஷயம் பேசினால் அது கூட்டம். கூட்டம் என்றால் மூன்று நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்புக் கொடுத்து, கதவைத் திறந்து வைத்துத்தான் நடத்த வேண்டும். நலம் விசாரிப்பதைச் சட்டம் தடுக்கவில்லைதான். ஆனால் முன்பிருந்த உறுப்பினர்கள் இருவர் மளிகைக் கடையில் நின்று மழை பெய்யுமா என்று பேச ஆரம்பித்து, மழையிலிருந்து ரோட்டுக்கு வந்து, ரோட்டிலிருந்து மதகுக்கு வந்துவிட்டார்கள். பீன்ஸ் டப்பா அடுக்குக்குப் பின்னால் வாரப் பத்திரிகைக்காரி எல்வா நின்றிருந்தார். விஷயம் நீதிமன்றம்வரை போய்ச் சந்தி சிரித்தது.

அன்றிலிருந்து கவுண்டி எழுத்தர் ட்வைலா ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"ரெண்டு மெம்பர் தனியா நின்னு பேசவே கூடாது. வானிலைன்னுதான் ஆரம்பிப்பீங்க, சரளைக் கல்லுலதான் கொண்டுபோய் முடிப்பீங்க."

அதனால் தேவாலயத்தில் ரோசாலி காபி எடுக்க வந்தால், ஓர்வில் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எதிர் மூலைக்குப் போய்விடுவார். தொலைபேசியில் பேசுவதும் கிடையாது. மனசிலிருப்பதைச் சொல்லக் கடிதம் ஒன்றுதான் வழி.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் உட்கார்ந்து எட்டு வரி எழுதினார். கவருக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. 'சீல் வைத்த டெண்டர்: சரளைக் கல்' என்று அச்சடித்த கவர்கள் அவர் வண்டியில் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. டெண்டர் போடுகிறவர்களுக்கு அனுப்புவதற்காக முந்நூறு கவர் அச்சடித்துவிட்டார்கள். அந்தக் கவுண்டியில் டெண்டர் போடுகிறவர்கள் என்றைக்கும் இரண்டே பேர். மிச்சத்தைத் தூக்கிப் போட மனசில்லாமல் ஓர்வில் எடுத்து வந்து, ஆணி, திருகு, விதை, மின்சார ரசீது எல்லாவற்றையும் அதிலேயே போட்டு வைப்பார். கடிதத்தையும் அதிலேயே போட்டு ஒட்டினார். திங்கட்கிழமை மதியம் கவுண்டி அலுவலக முகப்பில் இருக்கும் லெவோனாவிடம், "இதை ரோசாலிகிட்ட குடுத்துடும்மா" என்று கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

அந்தக் கவர்தான் இப்போது பெட்டிக்குள் இருந்தது. மேலே சிவப்பு மையில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வேறு.

கவர்களைப் படிக்கப் போகிறவர் வாரியத் தலைவர் பர்டெட். தொழிலில் மாட்டு ஏலக்காரர். கடிதத்தில் ஓர்வில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடுவீர்கள், அப்போதெல்லாம் கை நீட்டி எடுத்துக் கொடுக்கலாமா என்றிருக்கும்.' அந்த வரி பர்டெட்டின் ஏலக் குரலில் ஊர் முழுக்க ஒலிக்கப் போகிறது.

அவர் ட்வைலாவின் மேசைக்கு ஓடினார்.

"ட்வைலா, அந்த மூணாவது கவர் எப்படிப் பெட்டிக்குள்ள வந்துச்சு?"

"காலையில எட்டு மணிக்கு லெவோனா மேசை மேல இருந்துச்சு. அவ பல் டாக்டர்கிட்ட போயிருக்கா, இன்னிக்கு வரமாட்டா. நானே முத்திரை குத்திப் போட்டேன். ஏன்?"

லெவோனா மறந்துவிட்டிருக்கிறாள். கொடுக்காமல் மேசையிலேயே போட்டுவிட்டுப் பல் பிடுங்கப் போய்விட்டாள்.

"அதைக் கொஞ்சம் வெளிய எடுத்துத் தர முடியுமா?"

ட்வைலா பேனாவைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"உள்ள போன கவரை வெளிய எடுக்கிறதா? ஓர்வில், நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. அது வந்து... என்னோடது."

"உங்களோடதா?" ட்வைலாவின் கை தொலைபேசியை நோக்கிப் போனது. "வாரிய மெம்பர் கவுண்டிக்கே கல்லு விக்க டெண்டர் போட்டிருக்காரா? இது கிரிமினல் கேஸுங்க. வக்கீலைக் கூப்பிட்டே ஆகணும்."

"ஐயையோ, போனைக் கீழ வைங்க. என்னோடதுன்னு யாரு சொன்னா?"

"இப்போ நீங்கதான் சொன்னீங்க."

"என்னோட... என்னோட கவனத்துக்கு வந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

ட்வைலா ரிசீவரை வைத்தார், ஆனால் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

"போட்டவர் திரும்ப வாங்கிக்கணும்னா ஒரு வழி இருக்கு. பத்து மணிக்குள்ள, வேணாம்னு கையெழுத்துப் போட்டு ஒரு கடிதாசி குடுக்கணும். அவ்வளவுதான்."

ஓர்வில் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வண்டிக்கு ஓடி, ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து, 'எங்கள் டெண்டரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இப்படிக்கு, பெரிய ஓடைக் கல் குவாரி' என்று இடது கையால் எழுதினார். யாருக்கும் புரியாதபடி ஒரு கையெழுத்தையும் கிறுக்கினார். இடது கையால் எழுதியதில் அதற்குத் தனியாகச் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

"வாசல்ல ஒருத்தர் இதைக் குடுக்கச் சொன்னார்" என்று நீட்டினார்.

ட்வைலா படித்தார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாரு அவர்?"

"தொப்பி போட்டிருந்தார்."

"இந்த ஊர்ல தூங்கும்போதுதான் ஆம்பளைங்க தொப்பியைக் கழட்டுவாங்க. அவரை உள்ள வரச் சொல்லுங்க, அடையாள அட்டை பாக்கணும்."

"போயிட்டாரே."

"அப்போ இது செல்லாது" என்று ட்வைலா காகிதத்தைக் கோப்பில் செருகினார். "ஆனா ஒரு நல்லது நடந்துச்சு. அந்தக் கவர்ல பேரே இல்லாம இருந்துச்சு. இப்போ பேரு கிடைச்சிருச்சு."

எழுந்து போய், வாசலில் தொங்கும் கரும்பலகையில் டெண்டர் போட்டவர்கள் பட்டியலுக்குக் கீழே, மூன்றாவதாக 'பெரிய ஓடைக் கல் குவாரி' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தார். ஓர்வில் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கையாலேயே தனக்குக் குழி தோண்டி, அதற்குப் பெயர்ப் பலகையும் மாட்டியாகிவிட்டது.

பலகையை முதலில் பார்த்தவர் நார்பர்ட் பொகார்னி. பதினெட்டு வருஷமாக அந்தக் கவுண்டிக்குச் சரளைக் கல் விற்பவர் அவர்தான். எதிர்த்து டெண்டர் போடுகிற இன்னொருவர் அவர் மச்சான். இரண்டு கவரும் ஒரே சாப்பாட்டு மேசையில் எழுதப்படுபவை என்று ஊருக்கே தெரியும், நிரூபிக்கத்தான் யாராலும் முடிந்ததில்லை. மூன்றாவது பெயரைப் பார்த்ததும் நார்பர்ட்டுக்கு முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. வந்து ஓர்விலின் கையைப் பிடித்தார்.

"என்ன ஓர்வில், யாரு இந்தப் பெரிய ஓடை? நம்ம கவுண்டியில ஓடைன்னு சொல்ல ஒரு சாக்கடைகூட ஒழுங்கா ஓடலியே."

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதான் அந்த ஆள்கிட்டேர்ந்து கடிதாசி வாங்கிட்டு வந்தீங்களாம். ஆளு எப்படி இருந்தான்?"

"தொப்பி போட்டிருந்தான்."

"பாத்தீங்களா, வெளியூர்க்காரன் நம்ம ஆளு மாதிரி வேஷம் போட்டுட்டு வந்திருக்கான்" என்று நார்பர்ட் தன் மச்சானைத் தேடி ஓடினார்.

அடுத்த அரை மணி நேரத்தில் செய்தி எதிரிலிருந்த காபிக் கடைக்குப் போனது, தானியக் கிடங்குக்குப் போனது, முடிவெட்டும் கடைக்குப் போய், பாதி முடி வெட்டிய ஒருவரைக் கழுத்துத் துணியோடு கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. வழக்கமாக வாரியக் கூட்டத்துக்கு வரும் பொதுமக்கள் இரண்டே பேர். எழுதுவதற்கு எல்வா, தூங்குவதற்கு ஒரு பெரியவர். அன்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். கையில் இலவங்கப்பட்டை ரொட்டியும் காபியுமாக, யார் அந்தப் பெரிய ஓடைக்காரன் என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். எல்வா முதல் வரிசையில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

ஒன்பதே முக்காலுக்கு ரோசாலி வந்தார். வழக்கம்போல நேராகத் தன் நாற்காலிக்குப் போகாமல் கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். பிறகு மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார். அவர் கையிலிருந்த கோப்பு நழுவி விழுந்து, காகிதமெல்லாம் தரையில் பறந்தது.

ஓர்வில் ஓடிப்போய்ப் பொறுக்கித் தரலாம் என்று ஒரு அடி வைத்து, சட்டம் நினைவுக்கு வந்து நின்றுகொண்டார்.

ரோசாலி காகிதங்களை அப்படியே விட்டுவிட்டு ட்வைலாவிடம் போய்ப் பேசியது ஓர்விலின் காதில் விழுந்தது.

"ட்வைலா, ஒரு சந்தேகம். கவர் மேல போட்டவர் பேரே இல்லைன்னா அதைத் திறக்கவே கூடாது, இல்லையா?"

"பேரு வந்துருச்சு. பலகையில எழுதியாச்சே."

"என்ன பேரு?"

"பெரிய ஓடைக் கல் குவாரி."

ரோசாலி பலகையைத் திரும்பிப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது மட்டும் ஓர்விலுக்கு விளங்கியது. எவ்வளவு நேர்மையான மனுஷி, டெண்டர் விதிமுறைக்காக இப்படி வேர்த்துப்போகிறாரே என்று நினைத்துக்கொண்டார். நினைக்க நினைக்கத் தன் மேலேயே கோபம் வந்தது. இப்படிப்பட்டவர் பெயரைத்தான் இன்னும் கால் மணி நேரத்தில் ஊர் வாயில் போடப் போகிறோம்.

ரோசாலி மேசைப் பக்கம் வந்து நாற்காலியை இழுத்தார். அவர் முழங்கை பட்டு, நிறையக் காபியிருந்த கோப்பை பெட்டியின் மேல் கவிழ்ந்தது. கண்ணாடியில் வழிந்ததே தவிர உள்ளே ஒரு சொட்டுகூடப் போகவில்லை. ட்வைலா துணியை எடுத்து வந்து துடைத்துவிட்டுப் போனார்.

ஓர்வில் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று உறுப்பினர்களில் இரண்டு பேர் போய்விட்டால் மிஞ்சுவது ஒருவர். ஒருவரை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்த முடியாது. கூட்டம் இல்லையென்றால் கவர் ஏது? பர்டெட் நடையில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார். ஓர்வில் நாற்பது வருஷத்தில் சொல்லாத பொய்யைச் சொன்னார்.

"பர்டெட், வரும்போது பாத்தேன். உங்க கன்னுக்குட்டிங்க வேலியைத் தாண்டி நெடுஞ்சாலையில நிக்குது."

"யோவ், இதை இப்பத்தான் சொல்வியா?" என்று பர்டெட் பாதி ரொட்டியை ஓர்விலின் கையில் திணித்துவிட்டு ஓடினார். அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

இனி தான் போக வேண்டியதுதான் பாக்கி. ஓர்வில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். ட்வைலா குறுக்கே வந்தார்.

"தலைவர் வண்டியிலேர்ந்து போன் பண்ணினார். பதினோரு கன்னு ரோட்டுல நிக்குதாம். நீங்க சொல்லலைன்னா லாரியில அடிபட்டிருக்கும்னு நன்றி சொல்லச் சொன்னார்."

ஓர்விலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நிஜமாவே நிக்குதா?"

"நீங்கதானே பாத்தீங்க?"

"ஆமா, ஆமா. பாத்தேன்."

"அவர் வர்றதுக்கு மதியமாயிடும். துணைத் தலைவர் நீங்க. கவரைத் திறந்து நீங்கதான் படிக்கணும்."

"நானா? ட்வைலா, எனக்கு உடம்பு சரியில்லை, வீட்டுக்குப் போறேன். ஆள் இல்லாம கூட்டம் எப்படி நடத்துவீங்க?"

"தீர்மானம் போடத்தான் ஆளு வேணும். கவர் திறக்க வேணாம். பத்து மணின்னு பேப்பர்ல போட்டாச்சு, பூகம்பமே வந்தாலும் பத்து மணிக்குத் திறந்தாகணும். நீங்க போங்க, பரவால்ல. நானே படிச்சுடுவேன். எனக்கு மைக்குகூட வேணாம்."

ஓர்வில் திரும்பி வந்து தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குறைந்தபட்சம் கவர் தன் கையிலாவது இருக்கும்.

பத்து அடித்தது. எல்லோரும் எழுந்து கொடியைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி சொன்னார்கள். உள்ளங்கைக்குக் கீழே ஓர்விலின் நெஞ்சு போட்ட போட்டில், வார்த்தைகள் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வந்து விழுந்தன. ட்வைலா சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்து, மூன்று கவரையும் அவர் முன்னால் அடுக்கினார்.

அப்போது ரோசாலி கையைத் தூக்கினார்.

"ஒரு தீர்மானம். எல்லா டெண்டரையும் திறக்காமலேயே நிராகரிச்சு, திருப்பி அனுப்பிட்டு, புதுசா விளம்பரம்..."

"ஆமோதிக்கிறேன்" என்றார் ஓர்வில்.

ரோசாலி வாக்கியத்தைக்கூட இன்னும் முடிக்கவில்லை. ரோசாலியே ஓர்விலைத் திகைத்துப் போய்ப் பார்த்தார். ஓர்வில் சந்தோஷத்தில் கிட்டத்தட்ட அழுதுவிடுவார் போலிருந்தது. இது சட்டப்படி செல்லும். வாரியத்துக்கு அந்த உரிமை உண்டு. இரண்டு ஓட்டு, முடிந்தது விஷயம்.

நார்பர்ட் எழுந்தார்.

"நில்லுங்க. என்ன நடக்குது இங்க? பதினெட்டு வருஷத்துல ஒரு தடவைகூட இப்படி நடந்ததில்லை. அந்தம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் ஆமோதிக்கிறார். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிருக்கீங்க."

"நாங்க பேசவே இல்லை" என்றார்கள் ஓர்விலும் ரோசாலியும், ஒரே குரலில், ஒரே நேரத்தில்.

"பாருங்க, அதைக்கூடப் பேசி வச்சிருக்காங்க."

கூட்டம் சலசலத்தது. எல்வாவின் பென்சில் ஓட ஆரம்பித்தது. பின்வரிசையிலிருந்து நார்பர்ட்டின் மச்சான் குரல் கொடுத்தார்.

"இப்போ புரியுது. இந்தப் பெரிய ஓடைக்காரன் விலை அதிகமா போட்டுட்டான் போலிருக்கு. அவன் மறுபடியும் குறைச்சுப் போடறதுக்கு இவங்க வழி பண்ணிக் குடுக்கறாங்க."

"தலைவரைக்கூட எதையோ சொல்லிக் கிளப்பி விட்டுட்டாங்க" என்றார் கழுத்துத் துணிக்காரர்.

நார்பர்ட் ரோசாலிக்கு நேராக வந்து நின்றார்.

"தீர்மானம் கொண்டு வந்தது நீங்க. சொல்லுங்க மேடம், அந்தப் பெரிய ஓடைக்காரன் உங்களுக்கு எவ்வளவு குடுத்தான்? நவம்பர்ல தேர்தல் வருது, செலவுக்கு வேணுமே."

ரோசாலியின் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பது வருஷம் தபால் அலுவலகத்தில் ஒரு தபால்தலை குறைந்தது கிடையாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

ஓர்விலால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மானம் போவதானால் தன்னுடையது போகட்டும், அந்த மனுஷியை எதற்கு இப்படி நிற்க வைக்க வேண்டும்? எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் வழுக்கையை ஊர் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தது.

"அவங்களை விடுங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பெரிய ஓடைன்னு ஒரு குவாரியே கிடையாது. அந்தக் கடிதாசியை எழுதினது நான், இடது கையால."

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார் ட்வைலா.

"இந்த மூணாவது கவர் டெண்டர் இல்லை. என் வண்டியில கிடந்த கவர். உள்ள இருக்கறது ரோசாலிக்கு நான் எழுதின கடிதம். என்னைக் கல்யாணம் பண்ணிக்குவீங்களான்னு கேட்டு எழுதியிருக்கேன். நேர்ல கேக்கத்தான் சட்டம் விடலியே. இது கவுண்டி விஷயம் இல்லை. கல்லைப் பத்தி அதுல ஒரு வார்த்தைகூட இல்லை."

தூங்குகிற பெரியவர் விழித்துக்கொண்டார். கழுத்துத் துணிக்காரர் கையிலிருந்த ரொட்டி மடியில் விழுந்தது. நார்பர்ட் வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ட்வைலா கூட்டக் குறிப்பு எழுதுவதை நிறுத்தினார்.

"வாரியத்துல ரெண்டு மெம்பர் புருஷன் பெண்டாட்டியா?" என்றார் அவர். "அப்போ நீங்க தினமும் காலைல சாப்பிட உட்காரணும்னா, மூணு நாளைக்கு முன்னாடி நான் பேப்பர்ல நோட்டீஸ் போடணுமே. கதவை வேற திறந்து வைக்கணும்."

யாரோ சிரித்தார்கள். அதற்குள் நார்பர்ட்டுக்கு வாய் திரும்பியிருந்தது.

"கதை நல்லாத்தான் இருக்கு. கடிதாசியோ கல்லோ, எங்களுக்கு எப்படித் தெரியும்? கவரைத் திறங்க, பாத்துடலாம்."

"திறக்காதீங்க" என்றார் ரோசாலி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஓர்வில், தயவு பண்ணித் திறக்காதீங்க. நீங்க சொன்னதே போதும். அதைத் திறக்க வேண்டாம்."

தீர்மானம் அல்லாத ஒரு வார்த்தையை அவர் ஓர்விலிடம் பேசியது அதுதான் முதல் தடவை. ஓர்விலுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. இவ்வளவு தூரம் வெறுக்கிறார். அந்தக் கடிதத்தைக் காதால் கேட்பதைக்கூட அவமானமாக நினைக்கிறார்.

"பாத்தீங்களா, பயப்படறாங்க" என்றார் நார்பர்ட். "உள்ள என்னமோ இருக்கு."

"சட்டப்படி திறந்துதான் ஆகணும்" என்றார் ட்வைலா, பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டு. "முத்திரை குத்தியாச்சு. பெட்டியிலேர்ந்து வந்த கவர் எதுவா இருந்தாலும் படிச்சு, குறிப்புல ஏத்தணும். உள்ள சலவைக் கணக்கு இருந்தாலும் அப்படித்தான்."

ஓர்வில் கவரை எடுத்தார். மசகு ரேகை மேல் தன் கட்டைவிரலை வைத்தார், அச்சாகப் பொருந்தியது. விளிம்பைக் கிழித்தார். இனி இழக்க என்ன இருக்கிறது, படித்துத் தொலைத்துவிட்டு நாளைக்கே ராஜினாமா கொடுத்துவிடலாம். காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

அது நீல நிறக் காகிதம். அவர் வெள்ளைக் காகிதத்தில் எழுதியிருந்தார். வரிகள் குண்டு குண்டாக, சாயாமல், தபால்தலை ஒட்டின மாதிரி நேராக நின்றன. அவர் எழுத்து அப்படி நிற்காது. முதல் வார்த்தையைப் பார்த்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"படிங்க" என்றார் நார்பர்ட்.

ஓர்வில் முடியாது என்று தலையை ஆட்டினார். ரோசாலி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

ட்வைலா எழுந்து வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். முதல் வரிசையில் எல்வா புதுப் பக்கம் திருப்பினார். சிமெண்டு, டயர், உப்பு டெண்டர்களை எல்லாம் இத்தனை வருஷமாகப் படித்த அதே குரலில், ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல், ட்வைலா படித்தார்:

"மூன்றாவது கவர். விலை குறிப்பிடப்படவில்லை. 'ஓர்வில், உங்க கடிதத்தை நேத்து சாயங்காலம் லெவோனா வீட்டுக்கே கொண்டுவந்து குடுத்தா. நல்ல கவரை வீணாக்க மனசில்லை, பதிலை அதுலயே வச்சு லெவோனா மேசையில வைக்கிறேன். எனக்குப் பூரண சம்மதம். ஒரே ஒரு நிபந்தனை. நவம்பர் தேர்தல் முடியறவரைக்கும் இது ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியக் கூடாது, அதுவும் அந்த எல்வா காதுக்குப் போகவே கூடாது.'"